கருமாதி லெட்டரைத் தவிர

“கருமாதி லெட்டரைத் தவிர வேற எதையும் நான் கிழிச்சதே இல்லண்ணே. அதான் பெட்டி நெறஞ்சு போச்சு.”

எண்பதுகளின் கடைசியில், பரவை போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளையவர் சொன்னது இது. பக்கத்தில் இருந்தவர் வயதில் மூத்தவர். இருவருக்கும் ஏதோ கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை என்று பேச்சில் தெரிந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கடிதம் வருமாம். ஆளுக்கொரு பெட்டியாம்.

“நெறஞ்சா புது லெட்டர் திரும்பிப் போயிரும்ப்பா. பெட்டியில எம்புட்டு எடம் மிச்சம்னு காட்டத்தானே அந்த நாலு வரி கமாண்டை எழுதிக் குடுத்தேன்.”

“அதைத்தாண்ணே சொல்ல வாரேன். நேத்து உங்க கமாண்டைத் தட்டுனேன். இன்னும் ஒரு லெட்டருக்குக்கூட எடமில்லன்னு காட்டுச்சு. அம்புட்டையும் பிரிண்ட் எடுத்துட்டு, மனசைக் கல்லாக்கிக்கிட்டு அழிச்சேன். மத்தியானமே அமெரிக்காவுல இருந்து என் தம்பி சேகர் லெட்டர் வந்துருச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டானாம்.”

“தம்பி பொழச்சுட்டானா! பிரிண்டெல்லாம் எங்க?”

“வீட்டுல கம்பியில குத்தி வச்சுட்டேன்.”

இளையவர் பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினார். பணியார வாசனை என் சீட் வரைக்கும் வந்தது.

“அம்மா குடுத்து விட்டுச்சுண்ணே. நல்ல சேதி கொண்டாந்த தபால்காரரை வெறுங்கையோட அனுப்பக் கூடாதாம்.”

மூத்தவருக்குக் கூச்சமாகிவிட்டது. “நான் எழுதுனது வெறும் நாலு வரிப்பா.”

“சேகர் எழுதுனது ஒத்த வரிண்ணே. ராத்திரியில இருந்து அம்மா அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுது.”