தெய்வாத்தாளுக்குத் துணையாக ஒரு துப்பாக்கி

…ஏனுங்க, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்குதுங்களா? தலையாட்டறீங்க. சந்தோசம். நானும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். நாலாங்கிளாசோட வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டாங்க!

மனுசனுக்குக் குழப்பம் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். அதுக்கும் தலையத்தான் ஆட்டினீங்க. அப்ப ஒரு குட்டிக் கதைய எடுத்து விடறேன், கேட்டுக்கங்க.

நல்லசிவம்னு ஒருத்தர். தென்னந்தோப்பு, நாலு கறவை மாடு, தோப்புக்கு நடுவுல வீடு. பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்கு… ஆனா கூப்பிட்டாக் கேக்காது. வீட்ல அவரும் சம்சாரம் தெய்வாத்தாளும் மட்டும்தான். மகன் பெங்களூருல. ஒரு நாள் அந்தம்மா சொல்லிப்போட்டாங்க.

"ஏனுங்க, எனக்கு இங்க பயமா இருக்குது. ஒரு வழி பண்ணுங்க. இல்லீன்னா ஆவணி பொறந்ததும் நான் பையன் கிட்டப் போயிருவேன்."

பொண்டாட்டி போயிட்டா தோப்பு என்னாகும்? தோப்பை விடுங்க… இவருக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?

அந்த நேரம் பார்த்து டவுன்ல ரைபிள் கிளப்புல ஆள் சேர்க்கறாங்க. ஆயுள் உறுப்பினர் ஆகலாம், சுடக் கத்துக்கலாம். சந்தா? அந்தக் காசுல நல்ல சிந்துக் கறவை மாடு ஒண்ணு புடிச்சிரலாம். சேரலாமா, வேண்டாமா? இவரு சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற இடத்துல கேட்டாரு.

ஒருத்தன் சொன்னான், "சேருங்கண்ணா! துப்பாக்கி புடிச்ச கைன்னு தெரிஞ்சா எவன் கிட்ட வருவான்?"

இன்னொருத்தன் நல்லசிவத்தைப் பார்த்து, "அட, உனக்குத் துப்பாக்கியா? எலிப்பொறி வெச்சுட்டு அதுல நீயே கை வெச்சவன்தானப்பா நீயி!"

மச்சினன் வந்தான். "மாமா, மாடு புடிங்க. மாடாவது பால் கறக்கும்."

தினமும் இதே பேச்சு. பால் ஊத்தியாச்சு, கேனைக் கழுவியாச்சு… பேச்சு மட்டும் முடியலை. ஊரே நல்லசிவத்துக்கு யோசனை சொல்லுது. ஓசியில கிடைக்கறது அது ஒண்ணுதானுங்களே!

சரி, நேர்லயே பார்த்துரலாம்னு கிளப்புக்குப் போனாரு. பயிற்சி கொடுக்கறவரு நல்ல மனுசன், பொறுமையாச் சொன்னாரு. "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. குறிபார்க்கச் சொல்லித் தர்றோம். துப்பாக்கி இங்கயே அலமாரியில பூட்டி இருக்கும்."

"வீட்டுக்குக் கொண்டு போக முடியாதுங்களா?"

"முடியாதுங்க. வீட்ல வெச்சுக்கணும்னா லைசென்சு, அது தனி. அதுக்குக் கலெக்டர் ஆபீசுதான் போகோணும்."

நல்லசிவம் யோசிச்சாரு… "அப்பத் திருடன் வந்தா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லி, இங்க கூட்டிட்டு வரோணுங்களா?"

சிரிக்கறீங்க! உங்களுக்கென்ன? அந்த மனுசனுக்குத் தலை சுத்துது. சாமிகிட்டயே கேட்டுரலாம்னு கருப்பணசாமி கோயிலுக்குப் பூக் கேக்கப் போனாரு. உங்களுக்குத் தெரியும்… வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், சிவப்புப்பூ ஒரு பொட்டணம். மனசுல நெனச்சு ஒண்ண எடுக்கோணும். வெள்ளைன்னா சாமி சரிங்குது, சிவப்புன்னா வேண்டாங்குது.

"கிளப்புல சேரட்டுமா சாமி?" எடுத்தாரு. வெள்ளை!

அப்பவே வீட்டுக்கு வந்திரோணுமில்ல? வரலை. பூசாரியை மறுபடி மடிச்சுப் போடச் சொல்லி, "சேராம இருந்துக்கட்டுமா சாமி?" எடுத்தாரு. அதுவும் வெள்ளை!

சேருங்குது… சேராதங்குது. யாருக்குத்தான் கிறுக்குப் புடிக்காது? மூணாவது தடவை கையை நீட்டினாரு. பூசாரி பொட்டணத்தை இழுத்துக்கிட்டாரு.

"போதும் நிறுத்தப்பா! சாமியவே முழிக்க வெச்சுட்ட. இது வீட்டுக் காரியமா, தோட்டங்காட்டுக் காரியமா?"

"வீட்டுக் காரியந்தானுங்க. அம்மிணி பயப்படறா."

"வீட்டுக் காரியத்துக்குப் பொண்டாட்டி புருசன் சேர்ந்து நின்னு கேக்கறதுதான வழக்கம்? அம்மிணி எங்க?"

"வீட்லதான்…"

"கூட ஆரு?"

நல்லசிவம் மொபெட்டை எடுத்தாரு.

பட்டப்பகல். போனா, வீட்டுக் கதவு உள்ளாற தாள் போட்டிருக்கு. தட்டறாரு. "ஆரது?" உள்ளருந்து குரல். "நாந்தான் புள்ள." கதவு திறந்தது. அந்தம்மா கையில இளநி சீவற அரிவாள்.

அதை வாங்கி ஓரமா வெச்சாரு. மெதுவாத்தான் கேட்டாரு… "அம்மிணி, நான் துப்பாக்கி சுடப் பழகட்டுமா, வேண்டாமா?"

"துப்பாக்கியா? நான் எப்பங்க துப்பாக்கி கேட்டேன்?"

"பின்ன வழி பண்ணுங்கன்ன?"

"இருட்டறதுக்குள்ள நீங்க வீடு வந்து சேர்ந்தாப் போதும்னுதான் நெனச்சேன். முன்னயே பால் ஊத்திட்டு விளக்கு வெச்சப்புறந்தான் வருவீங்க. இந்த ஒரு மாசமா அந்தச் சொசைட்டியில என்னத்தத்தான் பேசறீங்களோ, சாமத்துல வர்றீங்க!"

என்னத்தப் பேசினாரு? பொண்டாட்டிக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுக்கறதுன்னு பேசினாருங்க! அந்தப் பேச்சுல உக்காந்து உக்காந்துதான் அவளத் தனியா விட்டாரு!

மறுநாள் கேனைக் கழுவினதும் கிளம்பிட்டாரு. "மாமா, அந்தக் கிளப்பு விசயம்…"ன்னு மச்சினன் இழுத்தான். "உங்கக்காகிட்டக் கேட்டாச்சு மாப்ள"ன்னுட்டு வண்டிய முறுக்கிட்டாரு. ஆவணி பொறந்தது. தெய்வாத்தாள் எங்கயும் போகலை.

அப்பக் கிளப்பு தப்பான்னு கேக்கறீங்களா? தப்பே இல்லீங்க. ஆசையிருந்தாச் சேரு, சுடு, மெடல் வாங்கு, நான் வந்து மாலை போடறேன். ஆனா பயந்தவ ஒருத்தி இருக்கா… அவளுக்கு என்ன வேணும்னு ஊரெல்லாம் கேட்ட, கிளப்புல கேட்ட, கருப்பணசாமிகிட்டயும் கேட்ட. அவளக் கேட்டியா? கேக்காம விட்ட அந்த ஒரு ஆளுகிட்டதான் பதில் இருந்துச்சு. குழப்பம் அங்கிருந்துதானுங்க வருது. நாம காப்பாத்தறதா நெனச்சு ஓடறோம்… அவங்க நம்மளப் பக்கத்துல இருக்கச் சொல்றாங்க.

இப்ப என்னையப் பார்க்காதீங்க. மணி என்னன்னு பாருங்க. வீட்ல ஆரையெல்லாம் தனியா விட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்க? கைதட்டறத அப்புறம் பார்த்துக்கலாம்… எந்திரிங்க சாமி, போங்க!