மேற்குக் கூடத்துக்கு முதலிடம்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. நகராட்சித் திட்டப் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்தும் இப்படி முதுகு சாய்க்க ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. தண்ணீர் போதும், நன்றி. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

நீச்சல் குளம், நூலகம், பேருந்து நிலையம், கழிப்பிடங்கள் என்று நகராட்சிக்குச் சொந்தமான கட்டடங்கள் எத்தனையோ. அடுத்த பத்து வருடத்தில் எதற்கு எப்போது பணம் ஒதுக்குவது என்று திட்டம் போடுவதுதான் என் வேலை. அதில் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, மதிப்பெண்தான் பேசும். கட்டடம் மோசமாக ஆக மதிப்பெண் ஏறும். வந்து போகிறவர்கள் அதிகமானால் அதற்கும் ஏறும். இரண்டையும் கூட்டி, மேலே நிற்பதை முதலில் இடித்துக் கட்டுவோம். இந்த முறையை வகுத்தவனே நான்தான்.

மேற்குப் பகுதி மக்கள் கூடத்தைத்தானே கேட்கிறீர்கள். அது வருடா வருடம் கடைசியில் நின்றது. மாடித் தளம் தொய்ந்துபோய், மேஸ்திரி கீழேயிருந்து இரும்பு முட்டு கொடுத்திருந்தார். முட்டு நின்றால் 'தற்காலிகமாகப் பாதுகாப்பானது' என்று ஆகிவிடும், மதிப்பெண் இறங்கிவிடும். அந்தக் கட்டடத்தை வாழவும் விடாமல் சாகவும் விடாமல் வைத்திருந்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நல்ல கூடம் வேண்டும் என்று என்னைப் போல ஆசைப்பட்டவர் யாருமில்லை. என் தங்கையே அந்த மாடியில்தான் தையல் வகுப்பு நடத்தினாள்.

மதிப்பீட்டுக் குழு வரவிருந்த வாரம் முட்டுகளை எடுக்கச் சொன்னேன். கட்டடத்தின் உண்மை நிலை அவர்கள் கண்ணில் படட்டுமே.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எடுத்துடலாம் சார். ஆனா அதுவரைக்கும் மாடியைப் பூட்டிடலாமே?"

"பூட்டினா ஆளே வர்றதில்லைன்னு ஆயிடும். அந்த மார்க் போயிடும். திறந்தே இருக்கட்டும்."

"உங்க பொறுப்புதானே சார்?"

"என் பொறுப்புதான்யா."

குழுத் தலைவருக்குக் கண் ஆபரேஷன், வருகை தள்ளிப்போனது. முட்டுகளைத் திரும்ப வைத்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். வைப்பதும் எடுப்பதுமாக இது என்ன விளையாட்டா? இருக்கட்டும் என்றேன். நானே ஒரு முறை போய்ப் பார்த்தேன். மேலே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கீழே நின்ற என் சட்டையில் சுண்ணாம்பு மாவு போல உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன்.

மறுநாள் தளம் இறங்கியது, வகுப்பு நடக்கும்போதே. தங்கை அன்று போகவில்லை. அவளுக்குப் பதிலாக அவளுடைய சிநேகிதி பாடம் எடுத்தாள். சிநேகிதியோடு சேர்த்து ஏழு பெண்கள் இறந்துபோனார்கள். எனக்கும் மனசு ஆறவில்லை, சோறு இறங்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மேற்குக் கூடத்துக்கு இப்போது திட்டத்தில் முதலிடம். புதுக் கட்டடத்தில் லிஃப்ட்கூட உண்டு. முட்டோடு விட்டிருந்தால் அந்த ஜனங்கள் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இடிந்துவிடும் என்று தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முட்டு எடுக்கச் சொன்னவன் நான், மாடியைத் திறந்து வைத்தவன் நான். அதை மறைக்கவில்லை. ஆனால் இடியும் என்று தெரியாது. தெரிந்தால் ஒரு மனிதன் அப்படிச் செய்வானா?

தங்கையும் துக்க வீட்டு வாசலில் வைத்து இதையேதான் கேட்டாள். "அண்ணா, அன்னைக்குக் காலையில எதுக்கு எனக்குப் போன் பண்ணி, இன்னைக்கு வகுப்புக்குப் போகாதேன்னு சொன்னே?"

"உனக்குச் சளி பிடிச்சிருந்ததேம்மா," என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

தனக்குச் சளியே இல்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாளாமே. இருக்கலாம். போனில் அவள் குரல் கம்மியிருந்தது போலத்தான் எனக்குக் கேட்டது.