படமும் ஒலியும் எழுத்தும் ஒரே பெட்டியில்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, ஆலையின் அனுபவத்தையெல்லாம் உள்ளங்கைக் காய்ப்பில் சேர்த்து வைத்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நான் பேசி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுமே என்று அஞ்சும் தோழர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

நம் ஆலையின் பயிற்சிப் படங்கள் அத்தனையையும் எம்பி4 என்னும் பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டோம். இதற்கு ஒரு விழாவா என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. கேளுங்கள் ஐயா, அதைச் சொல்லத்தானே மைக் பிடித்து நிற்கிறேன்!

வீடியோ கோப்பு என்பது என்ன? ஒரு பெட்டி. உள்ளே படம் இருக்கும், ஒலி இருக்கும், அடியில் ஓடும் எழுத்தும் இருக்கலாம். எங்கள் படப்பிரிவு என்ன செய்தது? ஊருக்கெல்லாம் ஒரு பெட்டி இருக்க, தனக்கென ஒரு பெட்டி செய்தது! அது எங்கள் மென்பொருளில் மட்டுமே திறக்கும். எழுத்துக்கு அதில் இடமே இல்லை. தனிக் கோப்பாகப் பின்னால் வரும். அந்தப் பெட்டியைப் பெற்றெடுத்த பெருமகனார், அதோ மேடையில் தலைகுனிந்து சிரிக்கிறாரே, நம் ‘அவசரம்’ அண்ணன்தான்.

என் தங்கை இங்கே தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குக் காது கேட்காது. புது இயந்திரம் வந்த அன்று பாதுகாப்புப் பாடம் போட்டார்கள். அண்ணன் படத்தை மட்டும் எடுத்துப் போனார். எழுத்துக் கோப்பு எங்கள் அறையிலேயே தங்கிவிட்டது. சரிபார்த்தாரா? பார்த்தார்! எதால்? காதால்! சத்தம் வந்தது, நடையைக் கட்டினார். கேட்கும் காதுள்ள ஒருவருக்கும் குறை தெரியவில்லை. யாருக்காக அந்த எழுத்தோ, அவர்கள் முன்னே வெறும் வாய்கள் அசைந்தன.

பாடம் முடிந்தது. ஓட்டிக் காட்டு என்றார் மேலாளர். தங்கை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் முகம் சிவந்தது, அவள் அசையவில்லை. என்னை அழைத்தார்கள். அவள் சைகையில் கேட்டாள்: “எங்க கை வைக்கக் கூடாதுன்னு எனக்கு யார் சொன்னா?”

எழுத்தோடு மறுபடி போட்டோம். பழைய இயந்திரம் விசையை விட்டதும் நிற்கும். புதியதிலோ விட்ட பிறகும் அழுத்தும் பாளம் ஒருமுறை இறங்கும்! பழைய பழக்கத்தில் அவள் கையை நீட்டியிருந்தால்?

அன்று மாலையே படப்பிரிவு கூடியது. ஊருக்கெல்லாம் உள்ள பெட்டிக்கே மாறிவிடுவோம் என்றோம். நம்ம பெட்டி சின்னது, வேகமானது என்று இழுத்தார் அண்ணன். வாசலில் தங்கை வந்து நின்றாள். அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார், நான் சைகையில் அவளுக்குச் சொன்னேன்: “என் பெட்டி போனா போகட்டும்மா. உன் கை இருக்கே, அது போதும்.”

அப்பாடா! இன்று எழுத்தும் படத்தோடு உள்ளேயே பயணம் செய்கிறது. எவர் கைபேசியிலும் திறக்கிறது. எடுத்துவர மறந்தேன் என்று சொல்ல இனி அண்ணனாலும் முடியாது. வயிற்றில் பாலை வார்த்த செய்தி இதைவிட வேறு உண்டா?

முதல் வரிசையில் என் தங்கை இருக்கிறாள். இந்தத் திரையில் ஓடும் எழுத்தில் என்னைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கைதட்டினால் அவளுக்குக் கேட்காது. கைகளை உயர்த்தி விரல்களை அசையுங்கள், அதுதான் காது கேளாதவர்களின் கைதட்டல். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அதோ, அவளும் உயர்த்திவிட்டாள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. பத்தும் இருக்கின்றன. வணக்கம்!