நெற்றிக்கு ஒரு விரல் மேலே

சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்காதீர்கள் ஐயா, கீறல் விழும். இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். நீங்கள் வழக்கை மூடிவிட்டதாக ஸ்டேஷனில் சொன்னார்கள், அதனால்தான் நானே வந்தேன். என் தங்கை புருஷனை மரவாளால் அடித்தது நான் என்பதை எண்பது பேர் பார்த்தார்கள். ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் பழகுகிற ஐகிடோ என்ற ஜப்பானியக் கலை அடிதடி இல்லை. மோத வருகிறவனின் வேகத்தை வாங்கி, வழிவிட்டு, அவனையே தரையில் உட்கார வைக்கிற வித்தை. இருபத்திரண்டு வருடத்தில் நான் வகுப்புக்குப் போகாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் மாஸ்டர் கப்பலில் பொறியாளராக இருந்தவர், கடல் தாண்டி இரண்டு பெரிய ஆசான்களிடம் கற்றவர். அதிகம் பேசமாட்டார். நம் பிடியில் பிசகு இருந்தால் தன் சுண்டுவிரலால் நம் சுண்டுவிரலைத் தட்டுவார், அவ்வளவுதான். வெறுங்கை அசைவெல்லாம் வாளிலிருந்து வந்தவை என்பதால் வாரம் ஒருநாள் மரவாள் வகுப்பும் உண்டு. பதினோரு வருடம் அதை நான்தான் எடுத்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். வெட்டுகிறவன் உச்சந்தலையைக் குறிவைத்து முழுதாக வெட்ட வேண்டும். எதிரில் நிற்பவன் கடைசி நொடியில் விலக வேண்டும். விலகாவிட்டால் அடிபடும் என்ற பயம்தான் அங்கே பாடமே.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எத்தனை முறை தள்ளினாலும் துள்ளி எழுவார், அதனால் வகுப்பில் அவருக்கு ஸ்பிரிங் என்று பெயர். வேறொரு ஊரில் ஒரு பெண் ஆசானிடம் கற்றவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவரை எங்கள் வகுப்புக்குக் கூட்டிப்போனது நான்தான். அவர்கள் முறையில் வாள் நெற்றிக்கு ஒரு விரல் மேலே நின்றுவிட வேண்டும். எதிரில் இருப்பவர் இமைக்காமல், அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் வெட்டுகிறவரை நம்பவில்லை என்று அர்த்தமாம்.

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதே சண்டைதான், ஆளுக்கொரு கரண்டியை ஓங்கிக்கொண்டு.

"நிறுத்தத் தெரியாதவன் வெட்டக் கத்துக்கிட்டு என்ன மச்சான் பண்றது?"

"நிக்கப்போற வாளுக்கு எவன் மாப்பிள்ளை பயப்படுவான்?"

"ரெண்டு பேரும் கரண்டியக் கீழ வைங்க. சட்டையெல்லாம் கறையாக்கினா நான்தான் துவைக்கணும்" என்பாள் தங்கை. சிரிப்போம். அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

ஒருநாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "வாள் வகுப்ப இனிமே ஸ்பிரிங் எடுக்கட்டும். என்னோட ரெண்டு ஆசான்ல ஒருத்தர் நிறுத்தித்தான் வெட்டுவார். உனக்கும் சொன்னேன், நீ காதுல வாங்கல" என்றார்.

"சரி மாஸ்டர்" என்றேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. பதவி ஆசை என்று எழுதிவிடாதீர்கள். பொய்யான வாளை நாற்பது பேர் கற்கப்போகிறார்களே என்ற கவலைதான்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் போய், "உங்க முறைதான் சரின்னு படுது, எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மச்சான் இத்தனை வருஷமா காத்திருந்தேன்" என்றார். ஆறு வாரம் அவர் எதிரில் நின்று வெட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் மேலே நிறுத்தினேன். என் பழைய பழக்கம் தெரிந்தவர் ஆயிற்றே, முதல் வாரம் அவர் தோள் லேசாக இறுகியது. மூன்றாம் வாரம் அதுவும் போயிற்று. ஆறாம் வாரம் சிரித்த முகத்தோடு நின்றார். அதற்குப் பிறகு பயிற்சி போதும் என்று எனக்குத் தோன்றியது.

ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு முறைகளும் ஒன்றாகிவிட்டதை எல்லோருக்கும் காட்டலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வழக்கமான மரவாளை எடுக்கவில்லை. தனியாகக் கை பலத்துக்குச் சுழற்றுகிற தடித்த மரவாள் ஒன்று உண்டு, அதை எடுத்தேன். தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னேன், மாப்பிள்ளையும் தலையாட்டினார். குனிந்து வணங்கிக்கொண்டோம். என் முறையில் பழகிய யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மாப்பிள்ளை உள்ளே நினைவில்லாமல் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவரு ஏன் நகரல?"

"அவங்க முறையில நகரமாட்டாங்கம்மா" என்றேன். அது உண்மைதானே. என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் நடிப்பு கிடையாது.

இரண்டு முறைகளும் குழம்பியதால் வந்த விபத்து என்று மாஸ்டரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அவனுக்குக் கை தவறிவிட்டது என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். தங்கைகூட என்னை மன்னித்துவிட்டாளாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மில்லிமீட்டர் பார்த்துப் பிழைப்பவன் நான். எனக்குக் கை தவறாது ஐயா. நிற்கும் என்று நம்பிய வாள் நிற்காது என்பதை நிரூபித்தேன், அதை அப்படியே எழுதுங்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் வேறு யாரும் என் எதிரில் விலகாமல் நின்றதில்லையா என்று கேட்கிறீர்கள். உண்டு. புதிதாக வருகிறவர்கள் பயத்தில் உறைந்து நின்றுவிடுவார்கள். நூறு பேராவது இருப்பார்கள். ஒருவருக்கும் சின்னக் காயம்கூடப் பட்டதில்லை. எதிரில் ஆள் விலகவில்லை என்றால் கை தானாகவே நின்றுவிடும். அன்றைக்கு அதை நிற்கவிடாமல் கொண்டுபோகத்தான் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.