பதினாறு வாயை மூடிக்கிச்சு

...தொத்திறைச்சி தம்பி, தொத்திறைச்சி. போன மாசம், படகு ரேடியோவுல, பதினாறாம் சேனல்ல ரெண்டு பேரு, அத வறுக்கறதா வேகவைக்கறதான்னு பேசிக்கிட்டிருந்தானுங்க. பதினாறு எதுக்கு? படகு முழுகுதுன்னா கூப்பிடறதுக்கு. இல்லன்னா ஒருத்தர ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிட்டு, வேற சேனலுக்கு வான்னு சொல்லிட்டு ஓடிப்போறதுக்கு. அவ்வளவுதான்... நில்லு, என்ன அவசரம்? என் படகத் தாண்டித்தானே கரைக்குப் போகணும், போலாம். முன்பக்கமா நடக்கறியே, நல்ல வளர்ப்பு. இந்த யார்மத் துறைமுகத்துல பாதிப் பேரு நடுவுல பூந்து, டீக்கோப்பைய மிதிச்சிட்டுத்தான் போவானுங்க.

நீ புதுசு. நேத்துதான் வந்து என் படகுக்கு வெளிப்பக்கமா கட்டின. அதனால ஒண்ணு சொல்லிடறேன். தண்ணி ஏறினதும் நீ கயித்த அவுத்து ஒதுங்கி வழி விடணும். நான் கிளம்பறேன். சாயங்காலம் திரும்பி வர்ற மாதிரி இல்ல, மொத்தமா. பூல் துறைமுகத்துல எடம் சொல்லியாச்சு. இங்க இருபது வருஷம் இருந்தது போதும்.

ஏன்னு கேக்கற... கேக்கலயா? சரி, சொல்றேன்.

இந்த சோலன்ட் ஜலசந்தியில ஞாயித்துக்கிழமைன்னா தண்ணியவிட படகு அதிகம். அந்தப் பக்கம் எண்ணெய்க் கப்பல் திரும்பும், இந்தப் பக்கம் லிமிங்டன் ஃபெர்ரி வரும், நடுவுல ஒருத்தன் பதினாறுல ஓட்டலக் கூப்பிட்டு ஜன்னலோரமா மேசை கேப்பான். இன்னொருத்தன் "கேக்குதா, கேக்குதா"ன்னே பொழுதப் போக்குவான். நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு நாள் காகிதம் எடுத்து, எந்தப் படகு, பதினாறுல என்ன பேசிச்சுன்னு எழுதி, படகுச் சங்கத்துக் கதவுலயே ஒட்டிட்டேன். தலைவர் லயனல் வந்து, மூரியலம்மா, கிழிச்சிடுங்களேன்னு கெஞ்சினார். கிழிப்பேனா.

பலன் இல்லாமப் போகல. அன்னிலேருந்து மூணு வாரம், பதினாறு வாயத் தொறக்கல. ஒரு முனகல் கூட இல்ல. கோயிலுக்குள்ள இருக்கற மாதிரி அமைதி. ஒரு பொம்பள நெனச்சா கடலயே அடக்கலாம்னு எனக்கு அவ்வளவு பெருமை... அப்புறம்தான் புரிஞ்சுது. இது பயம் இல்ல, பகை. நான் கூப்பிட்டா யாருமே பதில் சொல்றதில்ல. துறைமுக ஆபீஸ் கூட சொல்றதில்ல. ஒதுக்கி வச்சிட்டாங்க.

மத்தவங்கள விடு. ஹெஸ்டர் இருக்காளே... பெட்டூனியான்னு பச்ச நிறத்துல ஒரு படகு, பாத்திருப்ப. அக்கரையில, லிமிங்டன்ல நிக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே வசந்தத்துல படகு வாங்கினோம். ஞாயித்துக்கிழமையானா நியூடவுன் ஓடையில ரெண்டு படகையும் சேத்துக் கட்டுவோம். கேக் அவளோடது, ஜின் என்னோடது. அவ பேரையும்தான் நோட்டீஸ்ல எழுதினேன். என்னைக் கூப்பிட்டா, சேனல மாத்தணுமா இல்லயா? மாத்தாம, முழங்கால் வலி மொத்தத்தையும் பதினாறுலயே சொன்னா. சிநேகிதின்னா சட்டம் வேறயா? அவ சங்கத்து வாசல்ல எல்லார் முன்னாலயும், "மூரியல், உனக்கு மனுஷங்க வேண்டாம்டி, விதிதான் வேணும்"னுட்டுப் போயிட்டா.

போன் பண்ணலாமேன்னுதானே பாக்கற? அவ பண்ணட்டும் முதல்ல. என் போன் அந்த வாரமே தண்ணியில விழுந்திடுச்சு, அது வேற விஷயம்.

ஆனா நான் விட்டுடல. ஒவ்வொரு ஞாயிறும் இந்த டன்லின் படகுலேருந்து கூப்பிட்டேன். "பெட்டூனியா, பெட்டூனியா, பெட்டூனியா. டன்லின் கூப்பிடுது." பதில் இல்ல. சரி, கோவத்துல பேசற பொத்தான அமுக்க மாட்டா, காதுல மட்டும் வாங்குவான்னு எழுபத்திரண்டுக்குப் போய், சொல்ல வேண்டியதச் சொன்னேன். அதுதான் எங்க சேனல். முன்னெல்லாம் நாங்க அங்க போனா ஊரே பின்னால வந்து ஒட்டுக்கேக்கும். இப்ப ஒரு ஈ காக்கா இல்லையேன்னு தாராளமா பேசினேன். முதல் வாரம் அவ சுடற கேக்கப் பத்தி. அத அடிப்பாரமா போட்டா எந்தப் படகும் சாயாதுன்னேன். அடுத்த வாரம் சிரிக்கவாவது செய்வாளேன்னு, லயனலோட டோப்பா முடி காத்துல பறந்து நான் மீன் வலையில பிடிச்சுக் குடுத்த கதைய எடுத்துவிட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது அது.

இன்னிக்குக் காலையில கடைசியா சொல்லிட்டேன். தண்ணி ஏறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுடி, இருக்கேன். இல்லன்னா பூல். சொல்லல. இந்த வயசுல புது ஊர்ல யார் எனக்கு ஜின்னுக்குத் துணை வருவா... அது போகட்டும்.

என்ன பாக்கற? ரேடியோப் பெட்டி நல்லாத்தான் இருக்கு. விளக்கு எரியுது பாரு. சத்தம் முழுசா வச்சிருக்கேன். இதா? இது இரைச்சல அடக்கற திருகு. எண்ணெ காயற மாதிரி உஸ்ஸுன்னு ஒரே தலவலி. நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கு, கடைசி வரைக்கும் வலப்பக்கமா திருகி வச்சேன். இரைச்சல அடக்கினா இரைச்சல்தானே அடங்கும்.

...பேச்சுமா?

எல்லார் பேச்சுமா?

அப்ப நான் பேசினது... அது மட்டும் ஒழுங்கா போயிருக்குமா? எழுபத்திரண்டுல, எல்லாருக்கும்?

அதான் லயனல் ஒரு வாரமா தொப்பியக் கழட்டாமலே திரியறார்.

தொடாத தம்பி. இரு, தொடாத... அவ ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா? ...சரி, திருப்பு. மெதுவா.

அய்ய, என்ன கூச்சல். தொத்திறைச்சி இன்னும் முடியலயா இவனுங்களுக்கு... உஷ். இது ஹெஸ்டர். ஹெஸ்டர் குரல். என்ன சொல்றா, தொண்ட கட்டிப்போயிருக்கே... "டன்லின், டன்லின். மூரியல், மூணு வாரமா பதில் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்குது. கேக் கல்லுதான், ஒத்துக்கறேன். நான் சொன்னது தப்புடி. போகாத."

பாத்தியா தம்பி. இத பதினாறுல சொல்றா. பதினாறுல.

அந்த மைக்க இப்படிக் குடு. "பெட்டூனியா, டன்லின். இதெல்லாம் பதினாறுல பேசக்கூடாது. எழுபத்திரண்டுக்கு..."

"...ஹெஸ்டர், இரு. போகாத. எங்கயும் மாத்த வேண்டாம். இங்கயே இன்னொரு தடவ சொல்லு."

தம்பி, நீ ஒதுங்க வேண்டாம், கயித்த நல்லா இறுக்கிக் கட்டு... தம்பி? எங்க போயிட்ட? கரைக்குன்னுதானே கிளம்பின... அடப்பாவி, உன் படகு ரேடியோவுலேருந்து என் குரலே கேக்குதே.