மூன்று தடவை தட்டினேன்

மாலை நாலே கால். மணிதான் அது, இருட்டு ஏழு மணிக்கு உரியது.

மில் கேட்டிலிருந்து லைன் வீடுகளுக்குப் போகும் மண் பாதை அரை மைல். இரண்டு பக்கமும் உடைமரம். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அதில் சுயம்புலிங்கம் தனியாக நடந்து வந்தார். கையில் டார்ச். சட்டைப் பையில் சாக்பீஸ்.

நம் காளிராஜின் தாய்மாமா அவர். இது அவருக்கு நடந்தது. காளிராஜும் அன்று அங்கே இருந்தான். அதனால் கேட்டுவிட்டு யாரும் சிரிக்க வேண்டாம்... அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.

தொண்ணூற்று மூன்று, கார்த்திகை மாதம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு நூல் மில். அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரே வரிசையில் இருபத்திரண்டு லைன் வீடுகள். வீடுகளின் முதுகுக்குப் பின்னால் கண்மாய்க் கரை. காலைச் செய்தியிலேயே புயல் என்று சொல்லிவிட்டார்கள். மழை இன்னும் வலுக்கவில்லை. குளிர் முந்திக்கொண்டது. மலையிலிருந்து இறங்கிய காற்று காதுக்குள் ஊசி ஏற்றியது. அந்த ஊரில் அப்படி ஒரு குளிரை யாரும் பார்த்ததில்லை.

காலையிலிருந்தே ஏற்பாடு நடந்தது. மில்லின் பஞ்சு கோடவுனைத் திறந்துவிட்டார்கள். தரையில் கழிவுப் பஞ்சைக் கனமாகக் கொட்டி, மேலே சாக்கு விரித்தார்கள். குழந்தைகளுக்கும் கிழவிகளுக்கும் அதுதான் மெத்தை, அதுதான் போர்வை. குடிக்கத் தண்ணீர், பொரிகடலை, ஒரு மூட்டை பன். நெருப்பு மட்டும் கூடாது. பஞ்சு இருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. சிம்னி விளக்கு கூடாது. இருட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோடவுனுக்கு நாலு படி. தண்ணீர் நாலாவது படியைத் தாண்டினால் எல்லோரும் மில் மாடிக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு வழி ஒன்றே ஒன்று. கோடவுனின் இரும்புக் கதவு.

வீடுகளைக் காலி செய்யும் பொறுப்பு சுயம்புலிங்கத்துக்கு. மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதிக்கு அவர் மேஸ்திரி. அவர் சொன்னால் கேட்பார்கள். போன வருஷ வெள்ளத்திலும் அவர்தான் செய்தார். கதவைத் தட்ட வேண்டும். ஆட்களை அனுப்ப வேண்டும். வீடு காலியானதும் கதவில் பெருக்கல் குறி போட வேண்டும். சாக்பீஸில் இரண்டு கோடு. கீச்... கீச். குறி போட்ட வீட்டுக்கு யாரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

போன வருஷம் பதினாலாம் நம்பரில் பூட்டுத் தொங்கியது.

மற்ற இடத்தில் பூட்டுத் தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். லைன் வீட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நைட் ஷிப்ட் பார்த்தவன் பகலில் தூங்குவான். அவனை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று பெண்டாட்டி வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போவாள். சில நாள் தாய்வீட்டுக்கும் போவாள். அதனால் பூட்டிய கதவை மூன்று தடவை தட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அன்று தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சுயம்புலிங்கம் பூட்டைப் பார்த்தார். உள்ளே கயிற்றுக் கட்டில் ஒரு தடவை முனகியது. காற்று என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கோடு போட்டார். நடந்தார்.

மறுநாள் உடைத்துத் திறந்தபோது அந்த வீட்டுத் தவசிமுத்து கதவை ஒட்டிப் பிணமாக உட்கார்ந்திருந்தான். உள்தாழ்ப்பாள் விலகி இருந்தது. வெளிப்பூட்டுதான் விடவில்லை. அவன் தலைக்கு மேலே, கதவின் மறுபக்கத்தில், வெள்ளைக் குறி அழியாமல் இருந்தது.

அவன் மனைவி பரிபூரணம் தாய்வீட்டிலிருந்து, சுந்தரபாண்டியத்திலிருந்து ஓடி வந்தாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"தட்டினியளா அண்ணாச்சி?"

"மூணு தடவ தட்டினேன் தாயி. உள்ள ஆரும் இருக்கியளான்னு கூப்பிடக்கூட செஞ்சேன். சத்தமே இல்ல."

அவள் நம்பினாள். வரிசையே நம்பியது. அவர் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இதைப் பிற்பாடு காளிராஜிடம் மட்டும் சொன்னார். ஒரே ஒரு தடவை.

சரி... அந்த நாலே காலுக்கு வருவோம்.

முதல் வீடு வேலுத்தாய் வீடு. சுயம்புலிங்கம் கையை ஓங்கினார். தட்டுவதற்குள் கதவு திறந்தது. வேலுத்தாய் மூட்டையும் கையுமாக நின்றாள்.

"வாரோம், வாரோம். எம்புட்டுத் தடவதான் தட்டுவிய? கதவு பேந்துரும்."

"இப்பத்தானட்டி வாரேன்."

"ஆமா. முன்னாடி மூணு தட்டு தட்டுனது உங்க ஆவியாக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோடவுன் பக்கம் நடந்தாள்.

இரண்டாம் வீட்டிலும் எல்லோரும் கிளம்பித் தயாராக இருந்தார்கள். மூன்றிலும் அப்படித்தான். நாலாம் வீட்டில், "அதான் தட்டுனியள்ல, செருப்ப மாட்டுறதுக்குள்ள அடுத்த தட்டா?" என்றார்கள். தள்ளுவண்டியில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டிருந்த காளிராஜை அவர் கூப்பிட்டார்.

"ஏலே, நீ வந்து தட்டினியா?"

"இல்ல மாமா. நான் இப்பத்தான் கோடவுன்லருந்து வாரேன்."

டார்ச்சைக் கதவில் அடித்துப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் ஈரம். பக்கத்துக் கதவிலும் அதே உயரத்தில் ஈரம். மழைச் சாரல் அங்கே படாது. மேலே ஓட்டுத் தாழ்வாரம் இறங்கியிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். கண்மாய்ச் சேறு. அதோடு ஊறிப்போன பஞ்சின் நாற்றம். அவர் குறி போட்டார். ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. சற்று மேலே தள்ளிப் போட்டார்.

அவருக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு போனார். ஒரு வீடு விடவில்லை.

பதிமூன்று முடிந்தது.

பதினாலில் பூட்டு. போன வருஷத்துக்குப் பிறகு மில் புதுக் கதவு போட்டுக் கொடுத்தது. குடிவர ஆள் இல்லை. சுயம்புலிங்கம் டார்ச்சை அடித்தார். இந்தக் கதவில் மட்டும் ஈரம் இல்லை. காய்ந்து கிடந்தது.

பதினைந்தாம் வீட்டிலிருந்து பீர் மைதீனும் அவர் மனைவி நூர்னிசாவும் வெளியே வந்தார்கள். பாய் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். குளிரில் பல் தந்தியடித்தது.

"மேஸ்திரி, எங்க வீட்ல தட்டுனதுக்கு முந்தி இங்கயும் தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"இங்க ஆரு இருக்கா பாய்? பூட்டிக் கெடக்கு. எவனாவது தெரியாமத் தட்டிருப்பான்."

"வெளிய இருந்து இல்ல." பாய் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருந்து."

"எலியா இருக்கும்."

"எலி எண்ணியா தட்டும்? மூணு மேஸ்திரி. மூணு தட்டு. பொறவு நிப்பாட்டிருச்சு."

நூர்னிசா கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். பாய் நகரவில்லை.

"செத்த நேரம் ஆவாது. ஒரு தடவ தட்டிப் பாத்திருங்க. எதுக்கு வம்பு, மனசுக்குச் சமாதானம்."

சுயம்புலிங்கம் கையைத் தூக்கினார். விரல் முட்டிக்கும் கதவுக்கும் ஓர் அங்குலம்.

உள்ளே கயிற்றுக் கட்டில் முனகியது. ஒரே ஒரு தடவை.

அந்த வீட்டில் கட்டில் கிடையாது. வெள்ளத்துக்கு மறுநாள் அதைத் தூக்கி வெளியே போட்டவர்களில் அவரும் ஒருவர்.

கை கீழே இறங்கியது. அதே கை சட்டைப் பைக்குள் போனது. கீச்... கீச். கோணல்மாணலாக இரண்டு கோடு.

பாய் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆறு மணிக்குக் கோடவுன் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டார்கள். இருபத்தொரு குடும்பம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஜல்லி கொட்டும் இரைச்சல். உள்ளே ஒரே ஒரு டார்ச். அதையும் அணைத்து அணைத்து எரித்தார்கள். குளிரில் குழந்தைகள் பஞ்சுக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தன. அழுவதற்குக்கூட வாய் திறக்கவில்லை.

சுயம்புலிங்கம் கதவுப் பக்கம் நின்று ஆள் கணக்கு எடுத்தார். வீட்டு நம்பரைச் சொல்வார். இருட்டிலிருந்து பதில் வரும்.

"பன்னெண்டு."

"நாலு பேரு."

"பதிமூணு."

"அஞ்சு பேரு. ஒரு ஆடு."

யாரோ சிரித்தார்கள். அவர் பதினாலைச் சொல்லவில்லை.

"பதினஞ்சு."

"ரெண்டு பேரு மேஸ்திரி," என்றார் பீர் மைதீன். குரலில் சிரிப்பு இல்லை.

மொத்தம் நூற்று ஒன்பது. எல்லோரும் வந்தாகிவிட்டது. வெளியே ஒருவரும் இல்லை.

காளிராஜ் கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தான். "மூணாவது படி மாமா. ஏறிக்கிட்டே இருக்கு. இப்பமே கெளம்பிருவமா?"

"செத்த பொறு. கெழவிகள எப்படிலே இந்த மழையில மாடிக்கு..."

தட்.

இரும்புக் கதவு அதிர்ந்தது.

தட்.

அவசரம் இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி.

தட்.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் சத்தம் அடங்கியிருந்தது.

"ஆரோ வெளிய நிக்காக," என்றாள் வேலுத்தாய். "தொறங்க அண்ணாச்சி. பாவம், நனையுதாக."

"ஆரு நிக்கா? நூத்தி ஒம்பதும் எண்ணியாச்சே," என்றான் காளிராஜ்.

இடுக்கு வழியே நாற்றம் உள்ளே வந்தது. கண்மாய்ச் சேறு. ஊறிப்போன பஞ்சு. பாய் வாய்க்குள் ஓதத் தொடங்கினார். வெளியே இரும்புக் கொண்டி மெல்ல அசைந்தது. விழுந்தது. ஏதோ ஒன்று அதில் மாட்டிக் கிளிக் என்று பூட்டியது.

காளிராஜ் தாழை இழுத்துவிட்டுக் கதவைத் தோளால் முட்டினான். அசையவில்லை.

பிறகு அந்தச் சத்தம். இரும்பின் மேல் சாக்பீஸ். நீளமாக, மேலிருந்து கீழே... கீச்.

ஒரு கோடு.

சுயம்புலிங்கம் இரண்டாவது கோட்டுக்காகக் காத்திருந்தார். அது விழவில்லை. பாதத்தில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்க்கத் தேவையில்லை. தண்ணீர் நாலாவது படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"தட்டுனதுக்குப் பதில் சொல்லுங்க மேஸ்திரி," என்றார் பீர் மைதீன். "உங்களத்தான் கேக்க நிக்கான்."

அவர் வாயைத் திறந்தார். நூற்று எட்டுப் பேரும் இருட்டில் அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

வெளியே ஒருவன் தொண்டையைச் செருமினான். தூங்கி எழுந்தவனின் கரகரப்பு.

"அண்ணாச்சி... மூணு தடவ தட்டிட்டேன். உள்ள ஆரும் இருக்கியளா?"