அதிகார எல்லைக்கு ஒரு வாரம் வெளியே

…என்னங்க அநியாயம் இது, டோன்யா எல்விரா! பெத்தவ நீங்க, "என் பையன் எங்க?"ன்னு கேக்கறீங்க. நம்ம அரசாங்க வக்கீல் எந்திரிச்சு, "இந்த மனித உரிமை நீதிமன்றத்துக்கு இத விசாரிக்கவே அதிகாரம் இல்ல"ங்கறான்! பின்வரிசையில பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ம், சாப்புடுங்க, சாப்புடுங்க… கோர்ட்டு இருக்கற இந்த சான் ஹோசே ஊர்ல சோறும் பீன்ஸும் மட்டும் நல்லாப் பண்றாங்க. நம்ம நாட்டுல எண்ணெய ஊத்தியே கொன்னுடுவாங்க.

பயப்படாதீங்க. எந்த அரசாங்கம் வந்தாலும் மொதல்ல பாடற பாட்டு அதுதான். அதிகாரம் இருக்கா இல்லையான்னு அவன் சொல்ல முடியாது, கோர்ட்டேதான் முடிவு பண்ணும். என்ன பாக்கும்? வழக்கு ஒரு நாட்டு மேலயா? பக்கத்து வீட்டுக்காரன் மேலன்னா எடுபடாது. அந்த நாடு இந்தக் கோர்ட்ட ஏத்துக்கிட்டிருக்கா? பறிபோனது மனித உரிமை ஒப்பந்தத்துல இருக்கற உரிமையா? எல்லாத்துக்கும் மேல… எப்ப நடந்துச்சு? கடைசில எல்லாம் காலண்டர்ல வந்து நிக்கும். காலண்டர், டோன்யா, காலண்டர்!

உங்களுக்கென்ன, குடுத்து வச்சவங்க. நம்ம நாடு இந்தக் கோர்ட்ட விட்டு வெலகறதுக்கு முன்னாடியே உங்க பையனத் தூக்கிட்டாங்க. அய்யய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க… சட்டப்படி சொன்னேன்.

என் பையன் நெஃப்தலியப் பாருங்க! வெலகல் அமலுக்கு வந்த அடுத்த வாரம், பஸ்ஸுலேர்ந்து எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கீழ விழுந்த கண்ணாடிய எடுக்கக்கூட விடலியாம். கண்ணாடி இல்லன்னா அவனுக்கு எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாதுங்க… வழக்க இந்தக் கோர்ட்டுக்கு அனுப்பற மனித உரிமை ஆணையத்துல போய்க் கேட்டா, "கோர்ட்டுக்கு அனுப்ப வழியில்ல, உங்க நாடுதான் வெலகிடுச்சே"ங்கறாங்க. எங்கயாச்சும் ஓட்டை இருக்கான்னு அந்த வெலகல் அறிவிப்ப வரிவரியாத் தேடிட்டேன். ம்ஹூம்! ஊசி நொழைய எடமில்ல. என்ன எழுத்துங்கறீங்க! மத்த நாட்டுக்காரனெல்லாம் வாங்கிப் பாத்து மெச்சினான்…

யாரு எழுதினதா? அது… அப்ப வெளியுறவு அமைச்சகத்துல ஒரு சட்ட ஆலோசகர் இருந்தாரு… கெட்டிக்காரரு… பதக்கமெல்லாம் குடுத்தாங்க. அத… என் கோட்டுல நெஃப்தலிதான் குத்திவிட்டான்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? காப்பி அப்படியே இருக்கு… டோன்யா எல்விரா! மத்தியானம் அந்த வக்கீல் என்ன பேசுவான்னு எனக்கு அத்துப்படி, நான் பழக்கிவிட்ட பயதான் அவன்! ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லித் தர்றேன், நில்லுங்க… என் பையனுக்குத்தான் கதவ நானே சாத்திட்டேன். உங்க பையனுக்காவது… டோன்யா… அம்மா…